கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு சைக்கிள் வழி



அலுவலுக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போவதற்கு மட்டுமன்றி, வழியையும் ஊரையும் காண்பதற்கென்றே மிதிவண்டி ஏறிச் செல்லும் வழக்கம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் இதற்கென 1878-ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் தோன்றியது. சிற்றூர்களை இணைக்கும் ஒதுக்குச் சாலைகளில், வேலிச் செடிகளுக்கு நடுவே நாள் முழுதும் மெல்ல மிதித்துச் சென்று மாலையில் வீடு திரும்புவதை அந்நாட்டார் இன்றளவும் ஓர் இன்பமாகக் கருதுகின்றனர். வேலையற்றவர் வேலை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். ஆனால் அவர்கள் தேடிப் போகும் அத்தகைய சாலைகள் நாஞ்சில் நாட்டாராகிய நமக்கு வாசற்படியிலேயே கிடக்கின்றன. அவற்றில் நாம் செல்வதில்லை. செல்லாமையால் பக்கத்து ஊராரை அறிவதுமில்லை.

ஒரு வழியைச் சொல்லுகின்றேன். கோட்டாற்றில் புனித சவேரியார் பேராலயத்தில் முதற் பூசை கண்டபின் புறப்படுங்கள். சுசீந்திரம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அங்கே நெடுஞ்சாலையை விட்டிறங்கித் தேரூர்ப் பக்கம் திரும்பினால், இரைச்சல் சட்டென்று நின்றுவிடும். ஒருபுறம் குளம், மறுபுறம் வயல். கார்த்திகை, மார்கழியில் கூழைக்கடாக்களும் நாரைகளும் குளத்தில் கூட்டங்கூட்டமாய் இருக்கும். சுசீந்திரம், தேரூர்க் குளங்களை உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் 2022-ஆம் ஆண்டில் சேர்த்தார்கள். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876-இல் பிறந்த ஊரும் தேரூரே. காரில் போகிறவர்க்கு இது ஒரு பெயர்ப்பலகை. சைக்கிளில் போகிறவர்க்கோ ஒரு முழு ஊர்.

நாஞ்சில் என்னும் சொல்லுக்குக் கலப்பை என்று பொருள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் விளைந்த வயல்களில் எத்தனை இன்று தென்னந்தோப்பாகவும் வாழைத்தோட்டமாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டன என்பதை இந்தச் சாலைகளில் மிதித்துப் போனால்தான் கண்ணாரக் காணலாம். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய் வழியாக இங்கே வருகிறது. எந்த மடையில் தண்ணீர் ஓடுகிறது, எதில் பிளாஸ்டிக் குப்பை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அங்கிருந்து திரும்பிப் பழையாறு போகும் திசையிலேயே தெற்கே சென்றால் மணக்குடி. ஆறு கடலோடு சேரும் இடம். மேலமணக்குடி ஒரு கரை, கீழமணக்குடி மறு கரை. இரண்டையும் இணைத்திருந்த பாலத்தை 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமி உடைத்தெறிந்ததையும், இரு கரையிலும் குடும்பங்கள் உற்றாரை இழந்ததையும் நீங்கள் அறிவீர்கள். புதிய பாலத்தின்மேல் சற்று இறங்கி நில்லுங்கள். போக வர ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஒரு காலைப்பொழுது போதும். இந்தச் சிறு தொலைவுக்குள் வயலும் குளமும் கோவிலும் ஆலயமும் கடலும் அடங்கியிருப்பதே நம் மாவட்டத்தின் தனித்தன்மை.

இந்த வழிகளை நன்கறிந்தவர்கள் மீன்காரர்களே. கடவத்தைத் தலையில் சுமந்து கடற்கரையிலிருந்து உள்நாட்டு ஊர்களுக்கு நடந்த தாய்மாரும், பின்னிருக்கையில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு மிதித்து வந்தவர்களும் ஒவ்வொரு வீட்டின் சுகதுக்கத்தையும் அறிந்திருந்தார்கள். சாளை வாங்குகிற வீடு எது, வெள்ளிக்கிழமை மீன் தொடாத வீடு எது, கடன் சொல்லும் வீடு எது, பேறுகாலத்துப் பெண் இருக்கும் வீடு எது என்று அவர்களுக்குத் தெரியும். வெயிலில் வந்தவர்க்கு மோர் தந்த வீடுகளும் உண்டு. மதமோ சாதியோ கேட்டுத் தந்ததில்லை. இப்போது மீன் மோட்டார் வண்டியில் வந்து மோட்டார் வண்டியில் போகிறது. விலை பேசும் நேரம் மட்டுமே மிச்சம்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்லுகின்றேன்? 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட கலவரத்தில் உயிர்கள் பலியானதும், கடற்கரை ஊர்களும் உள்நாட்டு ஊர்களும் ஒன்றையொன்று அஞ்சி நின்றதும் பெரியவர்களின் நெஞ்சில் இன்னும் வடுவாய் இருக்கின்றன. அதற்குக் காரணங்கள் பல. அவற்றை இங்கே ஆராய வரவில்லை. ஆனால் முகம் அறியாத ஊரைப் பற்றி எந்த வதந்தியையும் எளிதில் நம்பிவிடலாம். மோர் வாங்கிக் குடித்த வீட்டைப் பற்றி அப்படி நம்ப முடியுமா? இன்று நம் இளைஞரோ தம் ஊரிலிருந்து நாகர்கோவிலுக்கு நெடுஞ்சாலையில் பறந்து போய்ப் பறந்து வருகிறார்கள். நடுவிலுள்ள பத்து ஊர்களும் அவர்களுக்குப் பேருந்து நிறுத்தத்தின் பெயர்கள்தாம்.

புனித சவேரியார் 1544-இல் இக்கடற்கரை ஊர்களை நடந்தே கடந்தார். நம் மறைசாட்சி புனித தேவசகாயத்தை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்; புலியூர்க்குறிச்சி, பெருவிளை என்று அவர் பட்ட பாடுகளை நினைவூட்டும் ஊர்களைக் கடந்து, 1752 ஜனவரி 14-இல் அவர் உயிர்நீத்த ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலை வரை ஒரு சைக்கிள் யாத்திரை போகலாம். வழி ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் லாரிகளோடு போட்டியிட வேண்டா; பூதப்பாண்டி, தாழக்குடிப் பக்கத்துச் சாலைகளைத் தேநீர்க் கடையில் கேட்டால் வழி சொல்வார்கள். 2022 மே 15-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்ட பின்னர் பேருந்து பிடித்து அங்கே போகும் கூட்டம் பெருகியிருக்கிறது, நல்லதே. ஆயினும் அவர் கடந்த மண்ணைக் கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளிருந்து பார்ப்பது வேறு.

சைக்கிளுக்கும் திருச்சபைக்கும் என்ன உறவு என்று கேட்பவர்க்கு ஒரு செய்தி. இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே கிசால்லோ என்னும் குன்றில் ஒரு மாதா சிற்றாலயம் உண்டு. அந்த அன்னையைத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1949-இல் மிதிவண்டியோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். அந்நாட்டுப் பந்தய வீரரான ஜீனோ பார்த்தாலி பக்தியுள்ள கத்தோலிக்கர். போர்க்காலத்தில், பயிற்சிக்குப் போகிறவர்போல் மிதித்துச் சென்று, வண்டியின் குழாய்களுக்குள் ஒளித்துவைத்த போலி அடையாளச் சீட்டுகளால் யூத மக்கள் உயிர் பிழைக்க உதவினார். அதை அவர் பெரிதாய் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 2013-இல்தான் இஸ்ரேல் நாட்டின் யாத் வஷேம் நிறுவனம் அவரைச் சிறப்பித்தது.

இனி பெற்றோர்க்கு ஒரு சொல். அரசு மேனிலைப் பள்ளி மாணவ மாணவியர்க்கு விலையின்றித் தரும் சைக்கிள் எத்தனை வீடுகளில் கொல்லைப்புறத்தில் துருவேறிக் கிடக்கிறது! மகனுக்குக் கல்லூரி தொடங்குமுன் மோட்டார் சைக்கிள் வாங்கித் தருகிறீர்கள். அதன்பின் இரவெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மகளுக்கோ, பள்ளி முடிந்ததும் சைக்கிளே வேண்டாம் என்கிறீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 92-இல் அறிவொளி இயக்கத்தின்போது கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலைப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். அவர்களைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள், பெண்கள் நிற்கவில்லை. ஞாயிறு காலையில் தாயும் மகளும் சேர்ந்து மிதித்துப் போனால் அதில் மானம் கெடுவது எங்கே?

புறப்படுகிறவர்க்குச் சில குறிப்புகள். ஆனி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும். காற்றாலைகளை அங்கே நிறுவியதும் இதனாலேயே. அக்காலத்தில் காற்றாடிமலைக்குப் போகையில் காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்புகையில் அதே காற்று நெஞ்சில் வந்து மோதும். ஆகவே பாதி வலிமையைத் திரும்பும் வழிக்கு மிச்சம் வையுங்கள். பிரேக்கையும் காற்றையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். தண்ணீர், பின்விளக்கு, பஞ்சர் ஒட்டக் கொஞ்சம் சில்லறை கையில் இருக்கட்டும். தோவாளையில் பூச்சந்தை அதிகாலையிலேயே கூடிவிடும். பிச்சிப்பூ வேண்டுமானால் விடியுமுன்னே போய்ச் சேரவேண்டும்.