சலாபம் முடியப்போகிறது என்று சொல்லுங்கள்

இந்த வாரம் முழுக்க ஒரு தொகை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. 6,700 கோடி ரூபாய். நைட் ஃபிராங்க் என்ற சொத்து ஆலோசனை நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் வருகிறது. பத்துக் கடைக்கு நாலு கடைக்கு மேல் காலியாகக் கிடக்கும் மால்களைப் 'பேய் மால்' என்று அதில் வகைப்படுத்துகிறார்கள். சென்னை உட்பட எட்டுப் பெருநகரங்களில் 2023-இல் அப்படி 64 மால்கள் இருந்தனவாம். அவற்றால் அழிந்த மதிப்புதான் இந்த 6,700 கோடி.

உள்ளே எத்தனை சதுர அடி இருட்டாகக் கிடக்கிறது என்று சல்லிசாக அளந்துவிட்டார்கள். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே டீ ஆற்றுகிறவனையும், செருப்புத் தைக்கிறவரையும், தள்ளுவண்டியில் எலுமிச்சை சாதம் விற்கிற அம்மாவையும் யார் அளந்தார்கள்? அந்த அறிக்கையைப் பற்றி நான் படித்த எந்தச் செய்தியிலும் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது. அதுதான் கோபம்.

ஸ்பென்சர் பிளாசாவை நம் தென்மாவட்ட ஆட்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் சென்னைக்குப் போனால் மெரினா, வண்டலூர், அப்புறம் ஸ்பென்சர் என்றுதான் வரிசை. பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983-இல் தீயில் போனது. அதே இடத்தில் 1991-இல் எழுந்ததுதான் நாம் பார்த்த பிளாசா. 2010-இல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ வந்தது, 2013-இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ். கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது. கட்டடம் இன்னும் நிற்கிறது, அலுவலகங்கள் இயங்குகின்றன, வாசலருகே மெட்ரோ நிலையமே வந்துவிட்டது. ஆனால் வேடிக்கை பார்க்கவென்றே வந்த அந்தப் பழைய கூட்டம் திரும்பவில்லை.

என் சித்தப்பா மகன் ஒருவன் சென்னையில் வேறொரு மாலை ஒட்டிய சந்தில் டீக்கடை வைத்திருந்தான். மாலின் பெயர் வேண்டாம். மால் படுத்தபோது அவன் கடையும் படுத்தது. "சினிமாவுக்கு வர்றவன், துணி எடுக்க வர்றவன் உன் கடையில டீ குடிப்பானாடா?" என்று கேட்டேன்.

"அவங்க எங்கண்ணே குடிக்கப் போறாங்க? உள்ள வேலை பாக்குற பிள்ளைகதான் நம்ம யாவாரமே" என்றான்.

யோசித்துப் பார்த்தால் அதுதான் முழுக் கதையும். துணிக்கடையில் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள், செக்யூரிட்டி, துப்புரவுப் பணியாளர்கள், லிஃப்ட் ஆபரேட்டர். மாலின் உணவுக்கூடத்தில் ஒரு தோசை விலைக்கு வெளியே இரண்டு வேளை சாப்பிட்டுவிடலாம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இவர்கள். உள்ளே ஒரு கடை ஷட்டரை இறக்கினால் வெளியே காலையில் பத்து டீயும் மாலையில் பத்து டீயும் குறைகிறது. அப்புறம் ஜெராக்ஸ் கடை, ரீசார்ஜ் கடை, அந்தப் பிள்ளைகள் தங்கியிருந்த லேடீஸ் ஹாஸ்டல். ஹாஸ்டலில் ஆள் குறைந்தால் அங்கே பால் ஊற்றுகிறவருக்கும் குறைகிறது. வாடகை மட்டும் குறைவதில்லை. "பெரிய மாலுக்குப் பக்கத்துல" என்று சொல்லி வாங்கிய பத்து மாத அட்வான்ஸைக் கட்டட உரிமையாளர் எந்தக் கணக்கில் திருப்பித் தருவார்?

சுவருக்கு உள்ளே இந்தக் கணக்கெல்லாம் தெளிவாகவே இருக்கிறது. பீட்டர் பாஷிகியன், எரிக் கூல்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 1998-இல் அமெரிக்க மால்களின் வாடகையை ஆராய்ந்தார்கள். பெரிய கடைக்குச் சதுர அடி வாடகையை மால்காரர் குறைத்துக் கொடுக்கிறார், சின்னக் கடைகளிடம் கூட்டி வாங்குகிறார். பெரிய கடைக்கு வரும் கூட்டம்தான் சின்னக் கடைக்கும் சிந்துகிறது என்பதால் அதற்கு விலை வைத்துவிடுகிறார். கூட்டம் சுவரைத் தாண்டி வெளியே சிந்தினாலும், ஒரு நாள் அது வற்றினாலும், எழுதிவைக்கப் பேரேடு கிடையாது.

மால் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2002-இல் கோயம்பேடு பேருந்து நிலையம் வந்தபோது பஸ்களை இழந்த பாரிமுனைக் கடைக்காரர்கள் தவித்தார்கள். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் திறந்தபோது அதே தவிப்பு கோயம்பேட்டுக்குப் போனது. நம் ஊர்ப் பக்கம் வரும் பஸ்கள்தானே முதலில் அங்கிருந்து நகர்ந்தன.

ஸ்பென்சரைப் பற்றி இன்னும் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சித்தப்பா மகனுடன் பேசிவிட்டு வந்த ராத்திரி, ஜோ டி குருஸின் 'கொற்கை'யை மறுபடி எடுத்துவிட்டேன். தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் கொற்கைப் பித்து தெரியும். 2009-இல் வந்த நாவல், 2013-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். இருபதாம் நூற்றாண்டு முழுக்கத் தூத்துக்குடியில் யார் எழுந்தார்கள், யார் விழுந்தார்கள் என்பதை இவ்வளவு விரிவாகச் சொன்ன இன்னொரு புத்தகம் எனக்குத் தெரியாது. ஒரு தோணி நொடித்தால் கரையில் எத்தனை வீட்டில் உலை தாமதமாகிறது என்று காட்டுகிற எழுத்து. பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகளுக்கு அதைப் பாடமாக வைக்க வேண்டும் என்று பல தடவை எழுதியிருக்கிறேன். இன்றும் சொல்கிறேன்.

கடலுக்கு வந்த பிறகு சலாபத்தைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? எங்கள் விளாத்திகுளம் தாலுகாவிலேயே வேம்பாரும் கீழவைப்பாரும் சிப்பிகுளமும் இருக்கின்றன. முத்துக்குளிக்கும் சலாபம் என்பது வெறும் மணலில் நாற்பது ஐம்பது நாளைக்கு முளைக்கிற ஊர். 1905-இல் இலங்கையில் மன்னார்ப் பக்கம் மறிச்சுக்கட்டியில் நடந்த சலாபம்தான் அங்கே நடந்தவற்றில் பெரியது. எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். ஆளரவமற்ற கரையில் நாற்பதாயிரம் பேர் வரை கூடியதாகச் சொல்கிறார்கள். நம் கரைப் பரவர்களும், அரபு நாட்டுக் குளியாட்களும், யாழ்ப்பாணத்து ஆட்களும், நாட்டுக்கோட்டைப் பணமும், பம்பாய் முத்து வியாபாரிகளும் வந்தார்கள். தெரு போட்டார்கள், கடைவீதி போட்டார்கள். ஆஸ்பத்திரி, தபால் நிலையம், நீதிமன்றம், சிறை எல்லாம் இருந்தன. எடுத்த சிப்பியைக் கொட்டு என்ற அடைப்புக்குள் எண்ணிப் பிரிப்பார்கள். குளித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி அரசாங்கத்துக்கு, அது மாலையில் ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போகும். அடுத்த வருடம் அந்தக் கொட்டில் கண்காணிப்பாளராக நின்ற இளம் அதிகாரிகளில் ஒருவர் பின்னாளில் எழுத்தாளராக அறியப்பட்ட லெனார்ட் வூல்ஃப்.

முத்தெடுத்தவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் மனம் போவது அந்தத் தற்காலிகக் கடைவீதிக்கு. அரிசி விற்றவர், கருப்பட்டி விற்றவர், கூரை வேய்ந்தவர், துணி வெளுத்தவர், தண்ணீர் சுமந்தவர். ஒருவரும் சிப்பியைத் தொட்டவர் இல்லை, ஆனால் எல்லார் பிழைப்பும் சிப்பியில் இருந்தது. கடலடியில் முத்துப்பார் வெறுமையானால் இவர்கள் கதி என்ன?

இங்கேதான் அந்தக் கால நடைமுறையில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. சலாபத்தை யாரும் திடீரென்று அறிவிக்கவில்லை. முத்துப்பார்களை அரசாங்க அதிகாரிகள் அவ்வப்போது போய்ப் பார்ப்பார்கள். குளியாட்களை இறக்கிச் சிப்பி எடுத்து, வயது பார்த்து, மாதிரிக்குக் கொஞ்சம் திறந்து முத்தை மதிப்பிடுவார்கள். விளைந்திருந்தால் இந்தத் தேதியில், இந்தக் கரையில் சலாபம் என்று முன்கூட்டியே விளம்பரம் செய்வார்கள். விளையவில்லை என்றால் அந்த வருடம் சலாபம் இல்லை. கருப்பட்டிக்காரர் மூட்டை கட்டுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். அந்தக் கடைவீதியில் எவரும் கல்லும் சுண்ணாம்பும் வாங்கிச் சுவர் எழுப்பியதில்லை. ஓலையும் கம்பும்தான், முடிந்ததும் சுருட்டிக்கொண்டு அடுத்த திருவிழாவுக்குப் போகலாம்.

இது நிரந்தரம் என்று நம்பியவர்கள்தான் அடிபட்டார்கள். 1906-இல் லண்டனில் பணம் திரட்டிய ஒரு கம்பெனி இலங்கை முத்துப்பார்களை இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது, வருடத்துக்கு மூன்று லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். 1907-க்குப் பின் சிப்பி இல்லை. 1912-இல் கம்பெனியைக் கலைத்தார்கள். கடலடியில் இருப்பதை இருபது வருடத்துக்கு விலை பேசினால் அப்படித்தான் ஆகும்.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபங்கள் 1955 முதல் 1961 வரை நடந்தன. அதற்குப் பிறகு இல்லை. 1973-இல் இங்கே பக்கத்தில் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். நாட்டுக்கே பெருமை, ஆனாலும் அந்த முத்தைச் சுற்றி ஒரு கடைவீதி முளைக்கவில்லை. குளியாட்கள் சங்குக்குப் போனார்கள். கரையில் ஏற்கெனவே உப்பளம் இருந்தது, தோணி இருந்தது, பின்னால் பெரிய துறைமுகமும் வந்தது. சலாபம் போனதால் தூத்துக்குடி பட்டினி கிடக்கவில்லை. கால் ஊன்ற இன்னொரு இடம் இருந்தது.

சித்தப்பா மகனுக்குக் கால் ஊன்ற இன்னொரு இடமும் இல்லை, முன்கூட்டியே சொல்ல ஆளும் இல்லை. மாலில் எத்தனை கடை காலி என்று அதன் நிர்வாகத்துக்குத் தெரியும், கடன் கொடுத்த வங்கிக்குத் தெரியும், ஆலோசனை நிறுவனத்துக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் டீ டம்ளரை எண்ணித்தான் தெரிந்தது. தெரிந்தபோது அட்வான்ஸும் போயிருந்தது, நகையும் அடகில் இருந்தது.

2014-இல் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும், இடம் மாற்றுவதானால் முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அது வியாபாரியை நகர்த்தினால்தான் பேசும். வியாபாரி அங்கேயே நிற்க, கூட்டத்தை நகர்த்தினால் அதில் ஒரு பிரிவும் இல்லை. பெரிய வணிகக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே, சுற்றியுள்ள கடைகளைக் கணக்கெடுத்து, வருடத்துக்கு ஒரு தடவை 'உள்ளே இத்தனை கடை இயங்குகிறது' என்று வாசலில் எழுதிப் போடச் சொன்னால் யாருக்கு நட்டம்? முத்துப்பாரைப் பார்த்துச் சொன்ன வேலைதான்.

எங்கள் ஊருக்கு மால் வராது, எனக்கு அந்தக் குறையும் இல்லை. எங்களுக்கு வர வேண்டியது ரயில். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் வழியாகத் தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் புதிய பாதை, 2011-12-இல் ஒப்புதல். மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை 18 கிலோமீட்டர் போட்டார்கள். 2025 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது என்று ஒரு பேச்சு, இல்லை என்று உடனே ஒரு மறுப்பு. இந்த இரண்டு செய்திக்கும் இடையில் எங்கள் ஊரில் நிலம் வாங்கியவர் இருக்கிறார், விற்றவரும் இருக்கிறார். லாட்ஜ் கட்ட அஸ்திவாரம் தோண்டலாமா என்று என்னிடமே கேட்டவரும் உண்டு. மிளகாய் வத்தலும் மல்லியும் பருத்தியும் கரி மூட்டையும் விற்றுச் சேர்த்த பணம் அது. ஸ்டேஷன் வந்தால் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைகளில் பாதி இடம் மாற வேண்டியிருக்கும். வராவிட்டால் ஸ்டேஷனை நம்பி வாங்கிய நிலம் கருவேலங்காடாகக் கிடக்கும்.

ரயில்வே அதிகாரிகளுக்கும், மாவட்ட நிர்வாகத்துக்கும், எங்கள் பேரூராட்சிக்கும் சேர்த்தே கேட்கிறேன். பாதை வருமா வராதா, ஸ்டேஷன் எந்தச் சர்வே எண்ணில், எந்த வருடத்துக்குள் என்பதை எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததைக் கடைத்தெருவில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், தமிழில் ஒட்டுங்கள். மாற்றினால் மாற்றிய அன்றே அதையும் ஒட்டுங்கள்.