பைலட் தவறு என்று எழுதிவிட்டால் போதுமா?

சின்ன ஊர்களுக்குப் போகும் விமானத்தில் ஏறியவர்களுக்கு அந்த விசிறி நன்றாகத் தெரியும். சென்னையிலிருந்து சேலம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று பறந்த ஏடிஆர் விமானங்களின் இறக்கைக்கு முன்னால் ஆறு பிளேடுகளோடு சுற்றுமே, அதுதான். இந்த வகை விமானத்துக்கு டர்போப்ராப் என்று பெயர். உள்ளே இருப்பது ஜெட் என்ஜினின் சொந்தக்காரன்தான். ஆனால் அதன் சக்தியில் பெரும்பகுதி ப்ரொப்பெல்லரைச் சுற்றுவதற்குப் போகிறது. குறைந்த தூரத்துக்கு எரிபொருள் மிச்சம், நீளம் குறைந்த ரன்வே போதும். அதனால்தான் சின்ன ஊர்களுக்கு இதை அனுப்புகிறார்கள்.

இந்த விமானத்தில் ஒரு விதி இருக்கிறது. படிக்க ஒரு வரிதான். அதை மீறியதால் பல பேர் செத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பத்திரிகைகளில் வந்த தலைப்பு "பைலட் தவறு". அந்தத் தலைப்போடு கதை முடிந்துவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த விதி என்னவென்று பார்த்துவிடலாம்.

டர்போப்ராப்பின் ப்ரொப்பெல்லர் வீட்டு மின்விசிறி மாதிரி இல்லை. பிளேடுகளின் கோணத்தை மாற்ற முடியும். கோணம் கூடினால் காற்றை அதிகமாகக் கடிக்கும், குறைந்தால் தட்டையாகும். பறக்கும்போது இந்தக் கோணத்தை கவர்னர் என்ற கருவி பார்த்துக்கொள்கிறது. பைலட் பவர் லீவரை முன்னால் தள்ளினால் சக்தி கூடும், பின்னால் இழுத்தால் குறையும். அப்படி இழுத்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் லீவர் தட்டி நிற்கும். அந்த இடத்துக்கு ஃப்ளைட் ஐடில் என்று பெயர். வானத்தில் அதுதான் கடைசி எல்லை.

அதற்குப் பின்னாலும் லீவருக்கு வழி உண்டு. க்ரவுண்ட் ஐடில், அதற்கும் பின்னால் ரிவர்ஸ். இந்தப் பகுதியைப் பொதுவாக பீட்டா என்பார்கள். இங்கே பிளேடு கோணம் நேரடியாக லீவரின் கைக்குப் போய்விடுகிறது. தரையிறங்கிய பிறகு இது அருமையான விஷயம். பிளேடுகள் தட்டையாகி, காற்றுக்குக் குறுக்கே ஒரு பெரிய தட்டைப் பிடித்த மாதிரி விமானத்தை நிறுத்த உதவும்.

அதையே வானத்தில் செய்தால்? என்ஜின் ப்ரொப்பெல்லரைச் சுற்றுவது போய், எதிர்க்காற்று ப்ரொப்பெல்லரைக் காற்றாலை மாதிரி சுற்ற ஆரம்பிக்கும். வேகம் எல்லை மீறி என்ஜின் உள்ளே உடையலாம். ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் உள்ள இறக்கைப் பகுதியில் காற்றோட்டம் கெட்டு, தூக்கும் விசை குறையும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடக்காவிட்டால் விமானம் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு போகும்.

அதனால் விதி: வானத்தில் இருக்கும்போது பவர் லீவரை ஃப்ளைட் ஐடிலுக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. பிலாட்டஸ் போர்ட்டர் போல வானத்தில் பீட்டாவுக்கு அனுமதி உள்ள சின்ன விமானங்கள் உண்டு. அவை விதிவிலக்கு. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் கூடவே கூடாது. கை தவறிப் போகக்கூடாது என்பதற்காக லீவரில் ஒரு கொக்கியோ விசையோ இருக்கும். அதைத் தூக்கினால்தான் கீழே போகும்.

விதியும் இருக்கிறது, கொக்கியும் இருக்கிறது. அப்புறம் எப்படி விபத்து?

லக்ஸம்பர்க், ஷார்ஜா

2002 நவம்பர் 6. பெர்லினிலிருந்து லக்ஸம்பர்க் வந்த லக்ஸ்ஏர் ஃபோக்கர் 50 விமானம். கடும் மூடுபனி. இறங்குவதைக் கைவிட முடிவு செய்தார்கள். அதற்குள் பனி கொஞ்சம் விலகியதாகத் தகவல் வர, மறுபடியும் இறங்கத் தீர்மானித்தார்கள். இப்போது விமானம் இருக்க வேண்டியதைவிட உயரத்தில் இருக்கிறது. சீக்கிரம் கீழே வர வேண்டும். லீவர் ஃப்ளைட் ஐடிலைத் தாண்டிப் பின்னால் போனது. என்ஜின்கள் இரண்டும் நின்றன. 22 பேரில் 20 பேர் இறந்தார்கள்.

பைலட் தவறுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த விமானத்தில் கொக்கிக்கு மேல் இரண்டாவதாக ஒரு மின் பூட்டும் இருந்தது. கையால் கொக்கியைத் தூக்கினாலும் இந்தப் பூட்டு லீவரை விடக்கூடாது. சக்கரத்தைக் கீழே இறக்கும் சமயத்தில், பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியில் இருந்த ஒரு குறையால், சில விநாடிகளுக்கு இந்தப் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும்! அன்று அந்தச் சில விநாடிகளில்தான் லீவர் பின்னால் இழுக்கப்பட்டது.

இந்தக் குறை யாருக்கும் தெரியாத ரகசியமா? இல்லை. தயாரிப்பாளருக்கு முன்பே தெரியும். திருத்தப்பட்ட கருவியும் இருந்தது. ஆனால் அதைக் கட்டாயமாகப் பொருத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

15 மாதம் கழித்து, 2004 பிப்ரவரி 10. ஈரானின் கிஷ் தீவிலிருந்து ஷார்ஜா வந்த கிஷ் ஏர் விமானம். அதே ஃபோக்கர் 50. தரையிறங்கும் நேரத்தில் அதே போல லீவர் ஃப்ளைட் ஐடிலுக்குக் கீழே போனது. ஒரு பக்க ப்ரொப்பெல்லர் ரிவர்ஸுக்குப் போக, மறுபக்கம் போகவில்லை. 46 பேரில் 43 பேர் இறந்தார்கள். திருத்தப்பட்ட அந்தக் கருவி இந்த விமானத்திலும் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

முதல் விபத்தை எதிர்பாராதது என்று சொல்லலாம். இரண்டாவதை எப்படிச் சொல்வது?

பப்புவா நியூ கினி

2011 அக்டோபர் 13. ஏர்லைன்ஸ் பிஎன்ஜி நிறுவனத்தின் டேஷ் 8 விமானம் லே நகரிலிருந்து மடாங் நகருக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வேகம் கூடிப்போனது. பவர் லீவர் பின்னால் இழுக்கப்பட்டு ஃப்ளைட் ஐடிலைத் தாண்டியது. ப்ரொப்பெல்லர்கள் இரண்டும் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகத்தைவிட 60 சதவீதத்துக்கும் மேல் சுற்றின. இரண்டு என்ஜின்களும் பயனற்றுப் போயின. காட்டுப் பகுதியில் இறக்கினார்கள், தீப்பிடித்தது. 32 பேரில் 28 பேர் இறந்தார்கள். பிழைத்த 4 பேரில் ஒருவர் மட்டுமே பயணி.

இங்கேயும் அதே கதைதான். டேஷ் 8 விமானத்துக்கு பீட்டா லாக்கவுட் என்ற பூட்டு ஏற்கெனவே இருந்தது. வானத்தில் லீவரை யார் எப்படி இழுத்தாலும் ப்ரொப்பெல்லர் பீட்டாவுக்குப் போகாமல் தடுக்கும் பூட்டு. அமெரிக்காவில் அது கட்டாயம். மற்ற நாடுகளில் விருப்பம் இருந்தால் பொருத்திக்கொள்ளலாம். இந்த விமானத்தில் இல்லை. விபத்துக்குப் பிறகுதான், விமானம் தயாரான கனடாவின் அதிகாரிகள் எல்லா நாட்டு விமானங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அமெரிக்க பைலட்டின் கையும் பப்புவா நியூ கினி பைலட்டின் கையும் ஒரே மாதிரிதான் தவறும். அமெரிக்கப் பயணிக்குப் பூட்டு, மற்றவருக்கு மேனுவலில் ஒரு வரி! இதை எப்படி நியாயப்படுத்துவது?

வணிகக் கணக்கில் இதற்கு விடை எளிது. பூட்டுப் பொருத்துவதற்கான செலவு இந்த வருடக் கணக்கில் வரும். விமானம் ஹேங்கரில் நிற்கும் நாட்களின் வருமானமும் போகும். விபத்து எப்போது நடக்கும் என்று தெரியாது, நடக்காமலும் போகலாம். "விருப்பம் இருந்தால்" என்று விட்டால் கம்பெனிகளில் பல தள்ளிப்போடத்தான் செய்யும். அது கெட்ட எண்ணம்கூட இல்லை, வெறும் கணக்கு. ஆனால் செலவை மிச்சப்படுத்துவது ஒருவர், விலை கொடுப்பது சீட்டில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர். டிக்கெட் வாங்கும்போது "இந்த விமானத்தில் பூட்டு உண்டா?" என்று கேட்க அவருக்குத் தெரியவும் தெரியாது. இந்த மாதிரி இடத்தில் சந்தை வேலை செய்யாது. கட்டாயமாக்குவது ஒன்றுதான் வழி.

பூட்டு எல்லாவற்றுக்கும் மருந்தா?

இல்லை. பூட்டுப் போட முடியாத தவறுகளும் உண்டு.

2015 பிப்ரவரி 4. தைபேயிலிருந்து கிளம்பிய டிரான்ஸ்ஏஷியா ஏடிஆர் 72. மேலே ஏறும்போது 2ஆம் என்ஜினின் ப்ரொப்பெல்லர் ஒரு மின்கோளாறால் தானாக ஃபெதர் நிலைக்குப் போனது. அதாவது பிளேடுகள் காற்றுக்கு இணையாகத் திரும்பி, இழுக்கும் சக்தி இல்லாமல் போனது. ஒரு என்ஜினை வைத்துக்கொண்டு பறந்திருக்கலாம். ஆனால் கேப்டன் குறைத்தது நன்றாக ஓடிக்கொண்டிருந்த 1ஆம் என்ஜினின் லீவரை. தவறு புரிந்தபோது நேரம் இல்லை. விமானம் கீலுங் ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தார்கள்.

2023 ஜனவரி 15. நேபாளத்தின் பொக்காரா. யெட்டி ஏர்லைன்ஸ் ஏடிஆர் 72. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஃப்ளாப்பை 30க்கு இறக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் பதில் சொன்னார். ஆனால் நகர்ந்தது ஃப்ளாப் லீவர் இல்லை, ப்ரொப்பெல்லருக்கான கண்டிஷன் லீவர்கள் இரண்டும். இரண்டு ப்ரொப்பெல்லர்களும் ஃபெதருக்குப் போயின. விமானத்தை இழுக்க எதுவுமே இல்லை. 5 இந்தியர்கள் உட்பட 72 பேரும் இறந்தார்கள்.

இந்த இடத்தில் இரும்பு உதவாது, இரண்டாவது மனிதர்தான் உதவ வேண்டும். பேங்க்கில் ஒருவர் போட்ட பதிவை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பணம் நகரும். முதலாமவர் திருடன் என்பதால் இல்லை, எந்த மனிதரும் தவறுவார் என்பதால். விமானத்திலும் அதே ஏற்பாடு உண்டு. நடைமுறையில் அது இவ்வளவுதான்:

1. என்ஜின் பழுதானால், எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். லீவரில் கை வைத்துவிட்டு, மற்றவர் "சரி" என்ற பிறகே இழுக்க வேண்டும்.

2. எந்த லீவரையும் கண்ணால் பார்த்துவிட்டு நகர்த்த வேண்டும். நகர்த்திய பிறகு, நினைத்ததுதான் நடந்ததா என்று கருவியைப் பார்க்க வேண்டும். ஃப்ளாப் இறங்கியதா? ப்ரொப்பெல்லர் சுழற்சி குறைகிறதா?

3. சக்கரம் தரையில் பதியும் வரை பவர் லீவரின் கொக்கியில் விரல் வைக்கக்கூடாது.

4. உயரமும் வேகமும் அதிகமாக இருந்தால் லீவரில் குறுக்குவழி தேடக்கூடாது. மேலே ஏறி, சுற்றி வந்து மறுபடி இறங்க வேண்டும். பத்து நிமிடத் தாமதத்துக்காக எந்த பைலட்டையும் கம்பெனி கேள்வி கேட்கக் கூடாது.

நாலாவதின் கடைசி வரி கம்பெனிக்கான விதி. பைலட்டுக்கு மட்டும் விதி எழுதி, அவசரத்தை உண்டாக்குகிறவர்களுக்கு எழுதாமல் விட்டால் பயனில்லை.

பழைய பாடம்

இதெல்லாம் புதுசும் இல்லை. இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, பைலட்டுகள் ஃப்ளாப்பை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிக்கொண்டிருந்தார்கள். விமானம் வயிற்றில் உட்கார்ந்தது. எல்லாவற்றுக்கும் பைலட் தவறு என்றே எழுதினார்கள். அல்ஃபோன்ஸ் சாப்பானிஸ் என்ற உளவியலாளர் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சுகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி! சக்கரத்துக்கான பிடியில் சின்னச் சக்கரத்தையும், ஃப்ளாப் பிடியில் ஆப்பு வடிவத்தையும் ஒட்டச் சொன்னார். இன்றும் பயணிகள் விமானங்களில் அந்த வடிவங்கள் விதியாகவே இருக்கின்றன. பைலட்டுகளைத் திட்டித் தீர்த்திருந்தால் இது கிடைத்திருக்காது.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. பூட்டு கூடினால் எடை கூடும், பழுதாகும் பொருள் ஒன்று கூடும். தரையிறங்கிய பிறகும் பூட்டு திறக்காவிட்டால், சின்ன ரன்வேயில் ரிவர்ஸ் கிடைக்காமல் ஓடுபாதையைத் தாண்டிப் போகலாம். லக்ஸம்பர்க்கில் பூட்டேதான் ஏமாற்றியது. இவையெல்லாம் நியாயமான கவலைகள். ஆனால் தரையில் ரன்வே முடிந்து சேற்றில் இறங்கும் விமானத்தில் பிழைக்க வாய்ப்பு அதிகம். வானத்தில் லீவர் பின்னால் போன விமானத்தில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதை மேலே உள்ள எண்களே சொல்கின்றன. பூட்டு பழுதாகும் என்றால் நல்ல பூட்டு செய்ய வேண்டும், பழைய பூட்டைக் கட்டாயமாகக் கழற்றி மாற்ற வேண்டும்.

"பைலட் தவறு" என்பது பொய்யில்லை. பல சமயம் அது உண்மைதான். ஆனால் அது விசாரணையின் முதல் வரியாக இருக்கலாம், கடைசி வரியாக இருக்கக்கூடாது. அடுத்த முறை அந்தத் தலைப்பைப் படிக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அந்தத் தவறைத் தடுக்கும் கருவி ஏற்கெனவே இருந்ததா? இருந்தது என்றால், அதைப் பொருத்தாமல் விட்டது யார்?