விசுவாசம் போதவில்லை என்று சொல்ல இவர்கள் யார்?

ஜெபத்துக்கு வல்லமை உண்டு என்று நம்புகிறவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன். நம்பாதவனாக இருந்தால் எனக்கென்ன என்று பேசாமல் இருந்திருப்பேன்.

எங்கள் தெருவில் ஒரு அம்மாளின் கணவர் புற்றுநோயால் இறந்துபோனார். அடக்கம் முடிந்து வீட்டில் நடந்த ஜெபத்துக்கு வந்த ஊழியக்காரர் ஒருவர் அந்த அம்மாளிடம், "நீங்கள் இன்னும் கொஞ்சம் விசுவாசித்திருக்கலாம்" என்றார். இரண்டு வருஷம் முழங்கால் தேய ஜெபித்தவள் அவள். கணவரை இழந்த துக்கம் போதாதென்று, அவர் சாவுக்குத் தானே காரணம் என்ற பாரத்தையும் அவள் தலையில் ஏற்றிவிட்டுப் போனார். இப்படிப் பேசுகிறவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

இவர்கள் எந்த வேதத்தை வாசிக்கிறார்கள்? கெத்செமனே தோட்டத்தில், அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று ஆண்டவரே ஜெபித்தார். நீங்கவில்லை. பவுல் தம் சரீரத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். அதுவும் எடுபடவில்லை, தாங்கும் கிருபைதான் கிடைத்தது. இவர்களுக்கும் விசுவாசம் போதவில்லையா? மறுபக்கம், தன் அவிசுவாசத்தை அழுதுகொண்டே ஒத்துக்கொண்ட தகப்பனின் மகன் சுகமானான். லாசருவோ செத்துக் கிடந்தவன்; அவனுடைய விசுவாசத்தை யார் அளந்து பார்த்தது?

அடுத்தது மாத்திரை. "ஜெபித்தாயிற்று, இனி மருந்து எதற்கு?" என்று சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறார்கள். எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது சுவரை நோக்கித் திரும்பி அழுது ஜெபித்தார். 15 வருஷம் ஆயுசு கூடியது. ஆனால் அந்தச் செய்தியைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே, அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார். ஜெபமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. பிரசங்கிகள் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனையில் பெண்கள். ஆண் மருத்துவரான அவர் தகப்பனாரை வீட்டுக்குள் விட அவர்களுக்கு மனம் இல்லை. ஐடாவோ மருத்துவம் படித்தவர் அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஜெபத்தில் அவருக்குக் கிடைத்த பதில் "போய்ப் படி" என்பது. அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். இன்றைய சி.எம்.சி. அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்த ஆஸ்பத்திரி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து அவிசுவாசம் என்கிறவர்களை என்ன சொல்ல?

இன்னும் தெற்கே வாருங்கள், டோனாவூருக்கு. கோயில்களில் விடப்படவிருந்த குழந்தைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் களக்காட்டில் குழிக்குள் விழுந்து கால் ஒடிந்தார். எத்தனை பிள்ளைகள் அவருக்காக ஜெபித்திருப்பார்கள்! பழையபடி அவர் எழுந்து நடமாடவில்லை. 1951இல் இறக்கும்வரை சுமார் இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கைதான். அந்த அறையில் இருந்துகொண்டே பல புத்தகங்கள் எழுதினார், அந்தப் பெரிய குடும்பத்தை நடத்தினார். அவர் கல்லறையில் பேர் பொறித்த கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு கல்தொட்டி. அதில் "அம்மா" என்று மட்டும் இருக்கும். இவரிடம் போய் விசுவாசம் குறைவு என்று சொல்லத் துணிவு யாருக்கு உண்டு?

காணிக்கைக் கவரோடு வரும் ஜெபத்தைப் பற்றி ஒரே வார்த்தை. நாகமான் குஷ்டம் நீங்கினபோது எலிசா ஒன்றும் வாங்கவில்லை. பின்னால் ஓடிப்போய் வாங்கின கேயாசிக்கு அந்தக் குஷ்டமே வந்து ஒட்டிக்கொண்டது. போதும்.

ஜெபத்தை நம்புவது என்றால், கேட்டது கிடைக்கும் என்று அடித்துச் சொல்வது அல்ல. யாரிடம் கேட்கிறோமோ அவரை நம்புவது. சின்னப் பிள்ளை தகப்பனிடம் கேட்கும், கிடைக்காவிட்டால் அழும், ஆனால் கையை விடாது. இந்த நம்பிக்கை ஒரு கூட்டத்தில் கைதூக்கினவுடன் வந்துவிடுவது இல்லை. கிடைத்ததிலும் கிடைக்காததிலும் வருஷக்கணக்காகப் படித்துத்தான் வரும்.

ஆகவே, என்னையொத்த பெரியவர்களே, காலையில் ஜெபியுங்கள், மாத்திரையையும் போடுங்கள். துக்க வீட்டுக்குப் போனால் பக்கத்தில் உட்காருங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவே போதும். யாராவது அங்கே விசுவாசத்தை அளக்க ஆரம்பித்தால், "ஐயா, அது உங்கள் வேலை அல்ல" என்று சொல்லுங்கள். நம் தலை நரைத்திருப்பது இதற்காவது உதவட்டும்.