இருட்டிய பின் மோட்டார் வண்டி

கல்லூரி விழா மலரிலே மோட்டார் வண்டி ஓட்டுவதைப் பற்றி எழுதப் புகுந்தமை அன்பர் சிலருக்கு வியப்பாக இருத்தல் கூடும். பழைய மாணவர் சங்கக் கூட்டம் முடிந்தபின், இரவு ஒன்பது மணியளவிலே கல்லூரி வாயிலிற் சிறிது நேரம் நின்று பார்த்தவர் வியக்கமாட்டார். எழுபது பிராயம் கடந்த நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் வண்டிகளிலே வருகின்றனர். எதிரே வரும் லொறியின் ஒளியிற் கண் கூச ஒரு கணம் தயங்குகின்றனர். பின்னர் ஒருவாறு துணிந்து வீதியில் ஏறுகின்றனர். அந்த ஒரு கணத்தைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

முதியோர் மீது வீண்பழி சுமத்துதல் நம் கருத்தன்று. வெறிகொண்ட வேகமும் மதுவருந்தி ஓட்டுதலும் பெரும்பாலும் இளையோரிடத்துக் காணப்படுவன. முதியவரின் தவறு வேறிடத்தில் நிகழ்வது. சந்தியிலே வலப்புறம் திரும்பும்போதும், படலையிலிருந்து பின்னோக்கி வண்டியை எடுக்கும்போதும், மாலை மயங்கும் வேளையிலுமே அது நிகழ்கின்றது. அதற்கு மூப்பு மட்டுமன்றி நெடுநாட் பழக்கமும் காரணமாகும். ‘ஐம்பது ஆண்டாக ஓட்டுகின்றேன்’ என்று நாம் பெருமையோடு கூறுகின்றோம். அந்த ஐம்பது ஆண்டும் எத்தகைய வீதியிற் கழிந்தன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நம்முட் பலர் மொறிஸ் மைனரிலும் ஒஸ்ரின் ஏ40 இலும் பயின்றவர்கள். 1990 முதலான பொருளாதாரத் தடைக் காலத்திலே யாழ்ப்பாணத்திற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, மண்ணெண்ணெயில் வண்டியை ஓட்டினோம். (அந்தப் புகையின் நாற்றம் இன்னும் நம் மூக்கை விட்டகலவில்லை.) வீதியெங்கும் துவிச்சக்கரவண்டிகளே நிறைந்திருந்தன. காரோட்டுபவன் வருவதறிந்து பிறரே வழிவிட்டனர். பக்கக் கண்ணாடியை நோக்கவேண்டிய தேவை அரிதாகவே இருந்தது. 2009 ஆம் ஆண்டின் பின்னர் வீதிகள் அகன்றன. கொழும்புப் பேருந்துகளும் லொறிகளும் இரவெல்லாம் ஓடலாயின. மோட்டார்ச் சைக்கிள்களும் முச்சக்கரவண்டிகளும் பெருகின. வீதி மாறியது, நம் கையும் கழுத்தும் மாறவில்லை. மாறினவெனின், கழுத்து முன்போலத் திரும்ப மறுத்ததுதான் மாற்றம்!

கண்ணின் நிலையும் கருதத்தக்கது. இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகின்றது என்பர் கண் மருத்துவ அறிஞர். வெண்புரை தொடங்கிவிட்டால் எதிரொளி சிதறிப் பார்வையை மறைக்கும். கூசிய கண் தெளிவதற்கும் கூடிய நேரம் செல்லும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடும். தடிமனுக்கும் உறக்கத்திற்கும் உட்கொள்ளும் மாத்திரைகள் சில, இந்தத் தாமதத்தை மேலும் நீட்டுவன.

நம் கதையையும் மறைத்தல் தகாது. ஒருநாள் மாலை விளக்கேற்றும் வேளையில், ஒழுங்கையொன்றினுள் வலப்புறம் திரும்பினோம். தொலைவில் வந்த லொறியைக் கண்டோம். அதற்கு முன்னே வந்த துவிச்சக்கரவண்டியைக் காணவில்லை. அதிலே வந்த சிறுவன் பிறேக்கை இறுக்கி மதிலோரம் விழுந்தான். முழங்காலிற் சிறு காயந்தான். நம் கல்லூரிச் சீருடையே அவன் அணிந்திருந்தது. எழுந்து நின்றவன், “ஐயா, நான் லைற் போடேல்லை, மன்னிச்சுக் கொள்ளுங்கோ” என்றான். பிழை நம்முடையது, மன்னிப்புக் கேட்டவன் அவன்! அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

பெரியோரைக் குறை கூறலாகாது என்று நாமே பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டோம். ஆகவே, “அப்பா, இனி இரவில் ஓட்டவேண்டாம்” என்று சொல்ல மகன் அஞ்சுகின்றான். மருமகள் வாயே திறவாள். பேரன் பின்னாசனத்தில் அமர்ந்து கண்ணை மூடிக்கொள்கின்றான். சட்டமும் நம்மைத் தக்கபடி தடுப்பதாகத் தெரியவில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது மருத்துவச் சான்றிதழ் பெறுகின்றோம். இலகு வாகனங்களுக்கு அடுத்த சோதனை எட்டு ஆண்டுகளின் பின்னரே. அறுபத்தெட்டில் தெளிவாயிருந்த கண் எழுபத்தாறிலும் அவ்வாறே இருக்குமோ? பிரித்தானியாவிலே எழுபது வயது முதல் மூன்றாண்டுக்கொருமுறை புதுப்பித்தல் வேண்டும். யப்பானில் எழுபத்தைந்து வயதினருக்கு நினைவாற்றலையும் சோதிக்கின்றனர்.

ஆயினும், எழுபது கடந்தோர் யாவரிடமிருந்தும் சாவியைப் பறித்துவிடவேண்டும் என்போருடன் நாம் உடன்படோம். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ, இங்கே தனித்திருக்கும் முதியவருக்குக் கோயிலும் சந்தையும் வைத்தியசாலையும் அந்த வண்டியாலேயே எட்டுவன. முழுவதையும் விடவேண்டுவதில்லை, பகுதி பகுதியாக விடலாம். முதலில் இரவோட்டத்தை விடுக. அடுத்து, மழை நாளோட்டத்தை. நெரிசலான சந்தியில் வலப்புறம் திரும்புவதை விட்டு, சற்றுச் சுற்றிச் செல்க. பகலிலே வண்டியைப் பின்னோக்கி உள்ளே நிறுத்தினால், மறுநாள் முன்னோக்கியே வெளியேறலாம். இது மிகச் சிறிய செயலாயினும் பயன் பெரிது. கண்ணை ஆண்டுதோறும் சோதிப்பித்தலும், வெண்புரைச் சத்திரசிகிச்சையைப் பின்போடாதிருத்தலும் வேண்டும். விழாவுக்கென ரொறன்ரோவிலிருந்து வரும் அன்பர்க்கும் ஒரு சொல்: நாற்பதாண்டு வலப்புறம் ஓட்டிய கை, நித்திரைக் கலக்கத்தில் இடப்புறத்தை மறந்துவிடும். முதல் வாரம் பிறர் ஓட்ட அமர்ந்திருங்கள்.

சங்கத்தாரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. கூட்டங்களை மாலை ஐந்து மணிக்கு முன் முடித்துவிடுக. இராப்போசனம் இன்றியமையாததெனின், முதியோரை வீடு சேர்க்க ஒரு வானை அமர்த்துக. செலவிற் பங்குகொள்ள நாம் ஆயத்தமாயுள்ளோம். முன்னாசனத்தை மட்டும் நமக்கு ஒதுக்கிவிடுக, கால் நீட்ட இடம் வேண்டும்.