அத்தாவின் அம்பாசிடரும் அக்காவின் பங்கும்



சென்ற ஆண்டு தை மாதம். ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தேன். தெருமுனையில் வெள்ளை நிற அம்பாசிடர் கார் ஒன்று, துடைத்து மெருகேற்றப்பட்டு, மணமகனைப் போல் நின்றிருந்தது. 1971-ஆம் ஆண்டில் வாங்கப்பட்ட ‘மார்க் டூ’ வண்டி. சிவகாசி அச்சகங்களுக்குக் காகிதம் விற்று வாழ்ந்து மறைந்த பெரியவர் ஒருவருடையது. அவருடைய மகன், சிறுவயதில் என்னிடம் ஓதியவர், ஓடி வந்து ஸலாம் கூறினார். பழைய கார்களைப் பேணுகின்ற ஆர்வலர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் அணை வரை உலா செல்கிறார்களாம். “ஹஜ்ரத், ஒரு துஆ ஓதி அனுப்பி வையுங்கள்” என்றார். நானும் மனம் மகிழ்ந்து ஓதினேன்.

அன்று மாலை, அவருடைய அக்காள் மகன் மதரஸாவுக்கு வந்தபோது மடித்த சீட்டு ஒன்றை என் கையில் தந்தான். அதில் இரண்டே வரிகள்: “ஹஜ்ரத், அத்தாவின் காருக்குத் துஆ ஓதினீர்களாம். அதில் உள்ள என் பங்குக்கும் சேர்த்து ஓதினீர்களா?”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தைப் பெற்ற பின்னரே, பெயர்களை விடுத்து, இதனை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், இந்தக் கார் உலா என்பது என்னவென்று பார்ப்போம். இங்கிலாந்தில் 1896-ஆம் ஆண்டு புதிய சட்டம் ஒன்று வந்தது. அதுவரை மோட்டார் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்ல வேண்டும் என்றிருந்த விதி நீங்கியது. மணிக்கு 4 மைல் என்றிருந்த வேக வரம்பு 14 மைலாக உயர்ந்தது. அந்த மகிழ்ச்சியில் அவ்வாண்டு நவம்பர் 14 அன்று லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை நகருக்குப் பலர் கார்களை ஓட்டிச் சென்றனர். 1927 முதல், போர்க் காலம் போன்ற சில ஆண்டுகள் நீங்கலாக, அதன் நினைவாக நவம்பர் தோறும் உலா நடைபெற்று வருகிறது. 1905-க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளே அதில் கலந்துகொள்ளலாம். அது பந்தயமன்று, பழுதின்றிப் போய்ச் சேர்வதே அங்கு வெற்றி.

நம் நாட்டில் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் 1964-இல் டெல்லியில் தொடங்கிய பழங்கார் பேரணி புகழ்பெற்றது. சென்னையில் ‘மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப்’ போன்ற சங்கங்கள் உண்டு. கோயம்புத்தூரில், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரால் இயங்கும் நிறுவனத்தார் கார் அருங்காட்சியகமே அமைத்துள்ளனர். நம் விருதுநகர் பெற்றெடுத்த காமராசர் பயணம் செய்த, எம்.டி.டி. 2727 என்னும் எண் தாங்கிய செவர்லே காரும் பழுது நீக்கிப் பாதுகாக்கப்பட்டுள்ளது.

நம் பகுதி ஆர்வலர்களுக்கும் ஆண்டு முழுவதற்கும் ஒரு நியதி இருக்கிறது. மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த காலைகளில் மலையடிவாரச் சாலைகளில் உலா. பங்குனி பிறந்துவிட்டால் கந்தக பூமியின் வெயிலில் பழைய எஞ்சின்கள் கொதித்துப் போகும். ஆகவே கோடை முழுவதும் உலா கிடையாது. யாராவது ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கூடிப் பழுது பார்ப்பார்கள். ஆடிப் பதினெட்டுக்கு நாட்காட்டி வேலை மும்முரமாகும். தீபாவளி வரை பட்டாசுக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மழை ஓய்ந்த பிறகு மறுபடியும் கூடுவார்கள். ரமளானில் ஒருநாள் நம் சகோதரர் வீட்டில் இஃப்தார். இந்து, கிறிஸ்தவ நண்பர்கள் அனைவரும் ஒரே விரிப்பில் அமர்ந்து நோன்புக் கஞ்சி அருந்துவார்கள். கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்யத் தெரிந்த வயதான மெக்கானிக்குகளுக்கு இவர்களால் இன்னும் பிழைப்பு இருக்கிறது. இவையெல்லாம் நன்மைகளே, மறுப்பதற்கில்லை.

“இது வீண் விரயம் அல்லவா?” என்று சிலர் கேட்கக்கூடும். அவசரப்பட்டு ஃபத்வா வழங்கிவிடக் கூடாது. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8-வது வசனத்தில், குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைச் சவாரிக்காகவும் அலங்காரமாகவும் படைத்ததாக அல்லாஹ் கூறுகிறான். வாகனத்தின் அழகை ரசிப்பதே குற்றமென்று மார்க்கம் சொல்லவில்லை. ஆனால் குதிரை வளர்ப்போரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் மூன்று வகையாகப் பிரித்துக் காட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஒருவருக்கு அது நன்மையாகிறது. ஒருவருக்கு வறுமையை மறைக்கும் திரையாகிறது. பகட்டுக்காக வளர்ப்பவருக்கோ பாவச் சுமையாகிறது. வாகனம் ஒன்றுதான், நிய்யத்தும் கடமையுணர்வுமே அதனைத் தரம் பிரிக்கின்றன.

இந்த அளவுகோலால் அந்த அம்பாசிடரை அளந்து பார்த்தேன். பெரியவர் காலத்தில் அது எங்கள் மஹல்லாவின் பொதுச் சொத்துப் போலவே ஓடியது. கியர்த்தண்டு ஸ்டீயரிங்கை ஒட்டி இருப்பதால் முன்னிருக்கையிலும் மூவர் அமரலாம். எத்தனையோ மணப்பெண்கள், எத்தனையோ பிரசவத் தாய்மார்கள் அதில் சென்றார்கள். பட்டாசு ஆலை விபத்து ஒன்றின்போது, தீக்காயம் பட்ட தொழிலாளர் மூவரை அதன் பின்னிருக்கையில் ஏற்றி, எந்த மதத்தவர் என்றும் கேளாமல், மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர் ஓட்டிச் சென்றதை நான் சிறுவனாக நின்று பார்த்தேன். அவருக்கு அந்த வண்டி நன்மை.

உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோன 2014-ஆம் ஆண்டிலேயே பெரியவரும் இறைவனடி சேர்ந்தார். மனைவி அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். பெற்றோரும் இல்லை. வாரிசுகள் ஒரு மகன், இரண்டு மகள்கள். மூத்தவர் கணவரை இழந்து, தீப்பெட்டி ஒட்டியும் தையல் தைத்தும் பிள்ளையைப் படிக்க வைப்பவர். இளையவர் கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கடை, கிடங்கு, வீடு, கார் அனைத்தும் மகனின் கையில் இருந்தன. பாகப்பிரிவினை நடக்கவில்லை.

மறுநாள் அவரைத் தேடிச் சென்றேன். “தம்பி, கேட்காமலே துஆ ஓதியது என் தவறு. இப்போது கேட்கிறேன்: இந்த வண்டி யாருடையது?” என்றேன். அவர் திகைத்தார். “அக்கா ஒருநாளும் கேட்டதில்லையே ஹஜ்ரத்! ஓடாமல் கிடந்த வண்டிக்கு நான்தானே செலவழித்தேன்?” என்றார்.

வாசகர்களே! இந்த இரண்டு பதில்களும் நம் வீடுகள் பலவற்றில் ஒலிப்பவைதாம். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மய்யித்தின் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத மரண சாசனம்; இவை போக மிஞ்சுவது அனைத்தும் வாரிசுகளுடையது. குறைவாயினும் நிறைவாயினும் பெண்களுக்கும் அதில் பங்குண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 7-வது வசனமும், யாருக்கு எவ்வளவு என்று 11-வது வசனமும் தெளிவுபடுத்துகின்றன. ஒரு மகனும் இரண்டு மகள்களும் மட்டுமே இருந்தால் சொத்து நான்கு பாகம். மகனுக்கு இரண்டு, மகள்களுக்கு ஆளுக்கு ஒன்று. காரும் அப்படியே. பங்கு என்பது கேட்டால் கொடுக்கும் தர்மமன்று. கேட்காவிட்டாலும் கொடுக்க வேண்டிய அமானிதம். அக்காவின் மௌனம் சம்மதமாகாது. தன் பங்கு எவ்வளவு என்று அறிந்து, அதனைக் கையில் பெற்ற பின், மனமுவந்து அவள் தந்தால் மட்டுமே ஐயத்துக்கு இடமற்ற அன்பளிப்பு. கூட்டுச் சொத்தில் மற்றவரைக் கேளாமல் ஒருவர் செய்த செலவை அவர்கள் தலையில் ஏற்ற இயலாது என்பதே பொதுவான விதி. தேவைப்படுவோர் முஃப்தியிடம் தம் விவரத்தைச் சொல்லித் தீர்ப்புப் பெறுக.

இன்னொன்றும் அவரிடம் கூறினேன். 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம்; பத்தாண்டுக்குச் செல்லும்; மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். அவரோ அவ்வாறு பதிய ஆவலோடு இருந்தார். “அத்தாவின் காலத்தில் நோயாளியைச் சுமந்த வண்டி இனி காட்சிப் பொருளாகப் போகிறது. அப்படியானால் உன் நிய்யத்தை இருமடங்கு காத்துக்கொள்” என்றேன். சொந்த உபயோக வாகனத்துக்கு ஜகாத் இல்லை. விற்று லாபம் பார்க்கவென்றே பழைய கார்களை வாங்கி வைப்போருக்கு அது வியாபாரச் சரக்கு, ஜகாத் உண்டு என்பதையும் அவருடைய நண்பருக்காகச் சொல்லி வைத்தேன்.

அவர் உடனே திருந்திவிட்டார் என்று எழுதினால் அது கதையாகிவிடும். இரண்டு மாதங்கள் என்னைக் கண்டால் வேறு தெருவில் திரும்பினார். ரமளானின் கடைசிப் பத்தில் ஓர் இரவு, தராவீஹுக்குப் பிறகு, கணக்குப் புத்தகங்களோடு அவரே வந்தார். ஜமாஅத் பெரியவர்கள் இருவர் முன்னிலையில் கடைக்கும் கிடங்குக்கும் வீட்டுக்கும் மதிப்புப் போட்டோம். ஒரே தவணையில் கொடுக்க இயலவில்லை. எழுத்து மூலம் மூன்று தவணை. இளைய சகோதரி தம் பங்கைக் கையில் பெற்றபின், காரில் தமக்குரியதை அண்ணனுக்கே அன்பளித்தார். மூத்தவர் மட்டும் காரின் பங்குக்குப் பணம் வாங்க மறுத்தார். “அத்தாவின் வண்டியில் கால் பங்கு என்னுடையதாகவே இருக்கட்டும் ஹஜ்ரத். நான் விற்கவில்லை” என்றார்.

மழை ஓய்ந்து மார்கழி வந்தது. மறுபடியும் உலா. நான் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். வண்டியில் ஏறுமுன் அவர் கைப்பேசியை எடுத்தார். “அக்கா, வண்டியை எடுத்துட்டுப் போகவா?” என்று கேட்டார். மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, முகம் மலர்ந்தது. அதன் பிறகே என்னை நோக்கித் துஆவுக்காகக் கையேந்தினார். இம்முறை நான் தயங்கவில்லை.

உங்கள் வீட்டிலும் அத்தாவின் வண்டி ஏதேனும் நின்றிருக்கலாம். அல்லது அம்மாவின் நகையோ, பாட்டனாரின் தோட்டமோ இருக்கலாம். அதைத் துடைத்து மெருகேற்றுமுன், அதில் யார் யாருடைய பங்கு ஒட்டியிருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உரியவர்க்கு உரியதைக் கொடுத்து நிம்மதியாகப் பயணம் செய்யும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.