கூட்டுத்தொகையில் மறையும் பூட்டிய கதவு

தொழிற்சாலைகளின் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப்படும் சான்றிதழ்களின் வரிசையில், பாதுகாப்புத் தணிக்கைச் சான்றிதழுக்கும் இப்போது ஓர் இடம் உண்டு. நூற்றுக்கு இத்தனை மதிப்பெண், 'ஏ' தரம், ஐந்து நட்சத்திரம் என அது ஏதோ ஒரு வடிவில் நிறுவனத்துக்கு நற்சான்று வழங்குகிறது. பொருள் வாங்கும் வெளிநாட்டு நிறுவனமும், கடன் கொடுக்கும் வங்கியும், காப்பீட்டு நிறுவனமும் அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகின்றன. காலையில் வேலைக்கு வந்த தொழிலாளி மாலையில் நலமாக வீடு திரும்புவாரா என்பதை அந்த எண் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

மதிப்பெண் எவ்வாறு உருவாகிறது என்று பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புலப்படும். தணிக்கையாளரின் கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும். தலைக்கவசம், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, இயந்திரங்களின் பாதுகாப்புத் தடுப்பு, மின்இணைப்பு, வேதிப்பொருள் சேமிப்பு, பயிற்சிப் பதிவேடு, அவசர வழி என்று நீளும் அந்தப் பட்டியலில் 200 இனங்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண் என்றும் வைத்துக்கொள்வோம். அவசர வழிக் கதவு பூட்டிக் கிடந்தால் 5 மதிப்பெண் குறையும். மற்ற யாவும் சரியாக இருந்தால் அத்தொழிற்சாலை 1,000-க்கு 995 பெறும், அதாவது 99.5 விழுக்காடு. தீப்பிடித்தால் ஒருவரும் வெளியேற முடியாத ஒரு கட்டடத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண் இது.

நம் பள்ளித் தேர்வுகளில்கூட இப்படி ஒரு கணக்கை நாம் ஏற்பதில்லை. நான்கு பாடங்களில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவர் ஐந்தாவது பாடத்தில் 35-க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. தமிழில் எடுத்த மதிப்பெண்ணைக் கொண்டு கணிதத்தின் குறையை நிரப்ப முடியாது. பதினைந்து வயது மாணவருக்கு விதிக்கும் இந்த எளிய நெறியை, ஆயிரக்கணக்கான உயிர்களுக்குப் பொறுப்பான தொழிற்சாலைக்கு விதிக்க நாம் ஏன் தயங்குகிறோம்?

இது வெறும் கற்பனைக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பாகிஸ்தானின் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலையில் 2012 செப்டம்பர் 11 அன்று மூண்ட தீயில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெளியேறும் வழிகள் பூட்டப்பட்டிருந்தன. சன்னல்களில் இரும்புக் கம்பிகள் பதிக்கப்பட்டிருந்தன. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அத்தொழிற்சாலை, பன்னாட்டளவில் மதிக்கப்படும் 'எஸ்.ஏ. 8000' சான்றிதழைப் பெற்றிருந்தது. அது திட்டமிட்டு வைக்கப்பட்ட தீ என்று பின்னாளில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயை யார் வைத்திருந்தாலும், கதவுகள் திறந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

கேட்கப்படாத கேள்விக்கு மதிப்பெண் குறைவதில்லை என்பது மற்றொரு குறை. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் மாண்டனர். அக்கட்டடத்தில் இயங்கிய ஆடைத் தொழிற்சாலைகளில் சில ஏற்கெனவே தணிக்கைக்கு உள்ளானவை. ஆனால், கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது அந்தத் தணிக்கையின் வரம்புக்குள் வரவில்லை. இடிவதற்கு முந்தைய நாளே விரிசல்கள் வெளிப்பட்ட பிறகும் தொழிலாளர்கள் மறுநாள் உள்ளே அனுப்பப்பட்டனர்.

அளவுகோலே தவறாக இருந்தாலும் ஆபத்துதான். அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் மாதம் நிகழ்ந்த வெடிப்பில் 15 பேர் இறந்தனர். அதையடுத்து அமைக்கப்பட்ட ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான குழு 2007-இல் அளித்த அறிக்கை, தொழிலாளர்களுக்கு ஏற்படும் காயங்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே ஆலை பாதுகாப்பாக இயங்குவதாக நிறுவனம் நம்பியதைச் சுட்டிக்காட்டியது. கால் இடறி விழுவோர் குறைந்துவிட்டார்கள் என்பதால் கொதிகலன் வெடிக்காது என்று பொருளாகாது.

எல்லாவற்றிலும் கொடிய பாடம் நம் நாட்டுக்கு உரியது. போபால் யூனியன் கார்பைடு ஆலையை 1982 மே மாதம் அந்நிறுவனத்தின் அமெரிக்க வல்லுநர் குழுவே ஆய்வு செய்து, நச்சுப்பொருள் கசிவுக்கு இடமளிக்கும் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்தபோது, அதைத் தடுத்திருக்க வேண்டிய குளிரூட்டும் அமைப்பு உள்ளிட்ட பாதுகாப்பு ஏற்பாடுகள் செயல்படும் நிலையில் இல்லை. குறையைக் கண்டறிவதோடு தணிக்கையின் கடமை முடிந்துவிட்டால், அறிக்கை கோப்பில் உறங்கும். ஆபத்து ஆலையில் விழித்திருக்கும்.

இந்தக் குறைகளுக்கு அடியில் இருப்பது பணம். பெரும்பாலான தணிக்கைகளில், தணிக்கை செய்யப்படும் நிறுவனமே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்து அவருக்குக் கட்டணமும் செலுத்துகிறது. கடுமையாக மதிப்பிடுபவருக்கு அடுத்த ஆண்டு அழைப்பு வராது என்பதை இரு தரப்பினரும் அறிவர். நாள் குறித்து அறிவித்துவிட்டு வரும் தணிக்கைக்காகத் தரை கழுவப்படுகிறது, பதிவேடுகள் நிரப்பப்படுகின்றன, தொழிலாளர்களுக்குப் பதில்கள் சொல்லித்தரப்படுகின்றன. மேலாளரின் ஊக்கத்தொகை மதிப்பெண்ணோடு பிணைக்கப்பட்டுவிட்டால், சிறு விபத்துகளை மறைப்பதும் வழக்கமாகிவிடும்.

நம் நாட்டில் இந்த விவாதம் இப்போது மேலும் அவசரமாகிறது. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆய்வாளர் இனி 'ஆய்வாளர் மற்றும் வழிகாட்டுநர்' ஆகிறார். குறிப்பிட்ட வகை நிறுவனங்களுக்கு மூன்றாம் தரப்புத் தணிக்கைக்கும் சட்டம் வழிவகுக்கிறது. அரசின் கண் விலகும் இடங்களில் தனியார் தணிக்கையாளரின் மதிப்பெண்தான் தொழிலாளிக்குக் காவல் என்றால், அந்த மதிப்பெண்ணின் நேர்மை உயிர்ப் பிரச்னையாகிறது. அனுமதிக்கப்பட்டதைவிட அதிகம் பேர் ஓர் அறையில் வேலை பார்த்தது, அளவுக்கு மீறி வெடிமருந்தைக் கையாண்டது, உள்குத்தகைக்கு விட்டது எனப் பட்டாசு ஆலை விபத்துகளுக்குப் பின் சொல்லப்படும் காரணங்களை விருதுநகர் மாவட்ட மக்கள் மனப்பாடமாகவே அறிவார்கள். இவற்றில் எந்த ஒன்றையும் வேறொரு நற்செயலால் ஈடுசெய்ய முடியாது.

இதற்காக மதிப்பெண்ணையே ஒழித்துவிட வேண்டியதில்லை. சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு முன்னேற்றம் உண்டா, எந்தப் பிரிவு பின்தங்குகிறது என்பதை அறிய எண்கள் உதவும். பாதுகாப்புத் தணிக்கைக்கென்று 'ஐ.எஸ். 14489' என்ற இந்தியத் தரநிலையே இருக்கிறது. தேவைப்படுவது, எண்ணைப் பயன்படுத்தும் முறையில் ஒரு மாற்றம்.

முதலாவதாக, உயிரைப் பறிக்கக்கூடிய குறைகளைக் கூட்டுத்தொகையில் சேர்க்காமல் தனியே பிரிக்க வேண்டும். பூட்டிய அவசர வழி, செயலிழந்த அழுத்த வால்வு, அளவுமீறிய வெடிமருந்து ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மொத்த மதிப்பெண் எதுவாயினும் தேர்ச்சி இல்லை என்று விதி செய்ய வேண்டும். இரண்டாவதாக, எத்தனை குறைகள் கண்டறியப்பட்டன என்பதோடு, எத்தனை எந்த நாளுக்குள் சரிசெய்யப்பட்டன என்பதும் மதிப்பிடப்பட வேண்டும். மூன்றாவதாக, தணிக்கையாளரை அரசின் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஒதுக்கி, கட்டணத்தைப் பொது நிதி வழியே செலுத்தலாம்.

நான்காவதாக, அறிக்கைகளைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். ராணா பிளாசா துயரத்துக்குப் பின் 2013-இல் பன்னாட்டு ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பொறியாளர்கள் 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகளை ஆய்வு செய்தனர். ஒவ்வோர் ஆலையின் குறைகளும் சீரமைப்பு நிலையும் இணையத்தில் வெளியிடப்பட்டன. குறைகளைச் சரிசெய்ய மறுத்த ஆலைகளுடன் வணிகம் நிறுத்தப்பட்டது. வங்கதேசத்தால் செய்ய முடிந்ததை நம்மால் செய்ய முடியாதா?

இறுதியாக, தொழிலாளியிடம் கேட்க வேண்டும்; மேலாளர் இல்லாத இடத்தில், வேலை போய்விடும் என்ற அச்சமின்றி அவர் பேச வழி இருக்க வேண்டும். தணிக்கையாளர் ஒரு நாள் வந்து திறந்த கதவைப் பார்த்துவிட்டுச் செல்கிறார். மற்ற நாள்களில் அது பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்பது அந்தக் கதவுக்கு அருகே நின்று தினமும் வேலை செய்பவருக்குத்தான் தெரியும்.