வீட்டைக் காக்கும் "லிமிடெட்"

கூட்டாக வியாபாரம் தொடங்குகிறவர்கள் லாபத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கடனைப் பற்றிப் பேசுவதில்லை. இது பெருந்தவறு.

1932-ம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் சாதாரணக் கூட்டு வியாபாரத்தில், ஒரு கூட்டாளி தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு எல்லாக் கூட்டாளிகளும் பொறுப்பு. தொழில் நொடித்தால், மனைவி மக்கள் குடியிருக்கும் வீடும் ஏலத்துக்குப் போகலாம்!

இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, "பிரைவேட் லிமிடெட்" கம்பெனி. மற்றொன்று, 2008-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த "எல்.எல்.பி." அதாவது, பொறுப்புக்கு வரம்பு கட்டிய கூட்டு நிறுவனம். இரண்டிலும், போடுவதாக ஒப்புக்கொண்ட முதலோடு நஷ்டம் நின்றுவிடும்.

வித்தியாசம் என்ன?

கம்பெனியில் பங்குகள் உண்டு; டைரக்டர்கள் உண்டு. விற்பனை எவ்வளவு குறைந்தாலும் ஆண்டுதோறும் கணக்குத் தணிக்கை கட்டாயம். லாபத்துக்குக் கம்பெனி வரி கட்டும். அதிலிருந்து டிவிடெண்ட் பெறுகிறவரும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும்.

"எல்.எல்.பி."யில் நிறுவனம் வரி கட்டினால், கூட்டாளியின் லாபப் பங்குக்கு மறுபடி வரி இல்லை. விற்பனை 40 லட்ச ரூபாய்க்கும், முதல் 25 லட்ச ரூபாய்க்கும் மேற்படாதவரை அந்தச் சட்டப்படி தணிக்கை கட்டாயம் இல்லை.

வெளியார் பணத்தைப் பங்காகச் சேர்த்து வளர நினைப்பவருக்குக் கம்பெனி ஏற்றது. அண்ணன் தம்பி நடத்தும் சிறு தொழிலுக்கு "எல்.எல்.பி." போதும். பெருமைக்காகக் கம்பெனிப் பலகை மாட்டுவது வீண் செலவு.

ஆனால், பாங்கிக் கடனுக்குத் தாமே ஜாமீன் கையெழுத்துப் போட்டால்? எந்த "லிமிடெட்"டும் வீட்டைக் காப்பாற்றாது. மோசடி செய்தவருக்கும் பாதுகாப்பு கிடையாது.

கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். படித்ததை வீட்டாரிடமும் சொல்லுங்கள். வீடு போனால், தெருவில் நிற்பது அவர்களும்தானே?